கேமரா கேள்வி–பதில்: கறுத்துப்போன நாரை

கேள்வி: வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று, காலை வெயிலுக்கு எதிராக ஒரு நத்தைக்குத்தி நாரையைப் படம் எடுத்தேன். பறவை கறுப்பாக வந்துவிட்டது. லைட்ரூம் மென்பொருளில், நிழல் பகுதியை வெளிச்சமாக்கும் ஷேடோஸை முழுக்க ஏற்றினால் இறகெல்லாம் புள்ளி புள்ளியாகிறது, படமே வெளிறிவிடுகிறது. காப்பாற்ற வழி உண்டா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: ரா ஃபைலா (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருப்பது), ஜேபெக்கா (சுருக்கிச் சேமித்தது) என்று நீங்கள் எழுதவில்லை. 14 பிட் ரா ஃபைலில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 வெளிச்சப் படிகள் உண்டு, ஜேபெக்கில் 256தான். ஜேபெக் என்றால் அதிகம் இழுக்காதீர்கள், தாங்காது.

சரி, ரா என்றே வைத்துக்கொள்வோம். ஷேடோஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, முதலில் நாய்ஸை, அதாவது அந்தப் புள்ளிகளைக் குறையுங்கள். அப்புறம் பறவைக்கு மட்டும் மாஸ்க் போட்டு (மாற்றம் அந்த இடத்தில் மட்டும் விழும்படி தேர்ந்தெடுத்து) எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்காகும் அளவு, ஏற்றிப் பாருங்கள். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்போது நெஞ்சு நிழலில்தான் இருக்கும்; அதைப் பளிச்சென்று வெள்ளையாக்கினால் கல்யாண ஆல்பத்தில் வெட்டி ஒட்டிய மாதிரி ஆகிவிடும்.

மாஸ்க் போட்டதும் படத்தைப் பெரிதாக்கி ஓரங்களைப் பாருங்கள். மென்பொருள் உடம்பைச் சரியாகப் பிடித்துவிடும், குச்சிக் கால்களைக் கோட்டைவிடும். அவற்றைப் பிரஷ்ஷால் சேர்த்துக்கொள்ளுங்கள். கழுத்தைச் சுற்றி வெள்ளைக்கோடு தெரிந்தால் மாஸ்க் வெளியே வழிந்திருக்கிறது. ஊதா ஓரம் என்றால் அது லென்ஸின் வேலை, அதை நீக்கும் டீஃபிரிஞ்ச் போதும். ஷார்ப்பனிங் கடைசியில். ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு அங்குள்ள மாஸ்கிங் ஸ்லைடரை நகர்த்தினால் திரை கறுப்பு வெள்ளையாகும்; கறுப்பான இடத்தில் ஷார்ப்பனிங் விழாது. வானம் முழுக்கக் கறுப்பாகும்வரை நகர்த்துங்கள்.

இவ்வளவும் சொன்னேனே தவிர, என் கையில் இந்தப் படம் இருந்தால் ஏற்றவே மாட்டேன், இறக்குவேன். வளர்ந்த நத்தைக்குத்தியின் இரண்டு அலகுகளுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். குஞ்சுகளுக்கு அது கிடையாது. பறவை பக்கவாட்டில் திரும்பியிருந்தால் அந்தச் சந்து வழியாக வானம் தெரியும். கறுப்புப் பகுதிக்கான பிளாக்ஸைக் குறைத்து உடம்பை முழு நிழலுருவாக்குங்கள், காலை மஞ்சளை அப்படியே விடுங்கள். இறகு தெரியாவிட்டாலும், பார்ப்பவர்கள் அலகை வைத்தே பெயரைச் சொல்லிவிடுவார்கள். வானம் ஏற்கெனவே வெளுத்துப் பதிவாகியிருந்தால் மட்டும் இது எடுபடாது. பதிவாகாத நிறத்தை எந்த ஸ்லைடரும் திருப்பித் தராது.

இறகுதான் வேண்டும் என்றால் மாலையில் அதே கரைக்குப் போங்கள். வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.