மகனுக்குப் பெஞ்சமின் என்று பெயர் வைக்கலாமா?

சகோ, தாராளமாக வைக்கலாம். "தாய் செத்துப் பிறந்த பிள்ளையின் பெயர், வேண்டாம்" என்று உங்கள் மாமியார் சொல்வதில் பாதிதான் சரி. வேதாகமத்தில் ஆதியாகமம் 35-ஐ எடுத்து அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். பெத்லகேம் போகும் வழியில் பிரசவத்தில் உயிர் பிரியும் நேரத்தில் யாக்கோபின் மனைவி ராகேல் வைத்த பெயர் பெனொனி, என் துக்கத்தின் மகன். அந்தப் பெயர் பிள்ளைக்கு ஒட்டக்கூடாது என்றுதான் யாக்கோபு உடனே பென்யமீன், அதாவது பெஞ்சமின், என்று மாற்றினார். வலதுகையின் மகன் என்று பொருள். துக்கத்தைத் துடைக்க வைத்த பெயரைப் போய் அபசகுனம் என்றால் எப்படி?

அப்புறம் அந்தப் பையன் ஒன்றும் சோடை போகவில்லை. எகிப்தில் இவன் அண்ணன் யோசேப்பு விருந்து வைத்தபோது, மற்ற அண்ணன்மாரைவிட இவன் தட்டில் மட்டும் ஐந்து மடங்கு! இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலும், அப்போஸ்தலன் பவுலும் இவன் கோத்திரம்தான்.

பழைய பெயராக இருக்கிறதே என்கிறீர்கள். 1706-ல் பிறந்த அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் காலத்துப் பெயர்தான், ஆனால் 2020-ல் அமெரிக்காவில் ஆண் குழந்தைப் பெயர்களில் 7-வது இடம். நோவா, எலியாவும் அதே முதல் பத்தில்.

ஒன்றே ஒன்று கவனியுங்கள். வேதாகமத்தில் பென்யமீன், வெளியே பெஞ்சமின். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று என்று விட்டுவிடாதீர்கள், பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய வேண்டிவரும். என் ஓட்டு பெஞ்சமினுக்கு. வீட்டில் பென்னி என்று கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.