நள்ளிரவுச் சோறும் மாத்திரையும்

கேள்வி: காதில் குரல் கேட்டு அவதிப்பட்ட என் தம்பி (29), ஓலன்சபின் மாத்திரை தொடங்கிய பத்து மாதத்தில் தெளிந்து மீண்டும் வேலைக்குப் போகிறான். ஆனால் எடை 62 கிலோவிலிருந்து 79 ஆகிவிட்டது. தாகமும் அதிகம். போன வாரம் வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 8.4 mmol/L. நள்ளிரவில் எழுந்து சோற்றுப் பானையைத் திறக்கிறான். "தின்றே சீக்கு வாங்கிக்கொண்டான், மாத்திரையை நிறுத்து" என்கிறார் அம்மா. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, முதல் வேலையாக மாத்திரைப் பொட்டலத்தை அம்மாவின் கைக்கு எட்டாமல் வையுங்கள். திடீரென்று நிறுத்தினால், சர்க்கரை இறங்குவதற்குள் அந்தக் குரல்கள் திரும்பி வந்துவிடக்கூடும்.

தம்பி பெருந்தீனிக்காரர் ஆகிவிடவில்லை. வயிறு நிறைந்ததும் 'போதும்' என்று மூளை சொல்ல வேண்டும். இந்த மாத்திரை அந்தக் குரலையும் சேர்த்து அமுக்கிவிடுகிறது. எடை கூடாத சிலருக்குக்கூட உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதுண்டு. ஓலன்சபினும் அதே வகை மருந்தான குளோசபினும் இதில் முன்வரிசை. அதே வகையில் அரிப்பிப்ரசோல் என்ற மருந்துக்கு இந்தத் தொல்லை குறைவு. இவ்வகைப் புதிய மருந்துகள் அனைத்திலும் இனிப்புநீர் (நீரிழிவு) எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2003-லேயே சொல்லிவிட்டது. மருந்து தொடங்குமுன் ஒரு முறை, மூன்றாம் மாதம் ஒரு முறை ரத்தம் பார்த்தார்களா? தராசிலாவது ஏற்றினார்களா? கேளுங்கள், தயக்கம் வேண்டாம்.

வெறும் வயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேல் என்பது இனிப்புநீர் கணக்கு. தேவைப்பட்டால் இன்னொரு சோதனையில் உறுதி செய்வார்கள். பல வீடுகளில் மனநல மருத்துவரிடம் ஓர் அட்டை, சுகாதார கிளினிக்கில் ஓர் அட்டை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. அடுத்த தவணைக்குக் காத்திராமல் இந்த வாரமே சோதனைத் தாளோடு மனநல மருத்துவரிடம் போங்கள். மருந்தை மெல்ல மெல்ல மாற்றலாம். அல்லது இதையே வைத்துக்கொண்டு சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபோர்மின் மாத்திரையைச் சேர்க்கலாம். தெளிந்து வேலைக்குப் போகிறவருக்கு இரண்டாவது வழியே எனக்கு நியாயமாகப் படுகிறது. முடிவு மருத்துவருடையது.

பானையைப் பூட்டாதீர்கள், பூட்டினால் சண்டைதான் மிஞ்சும். இரவில் கையெட்டும் இடத்தில் வெள்ளரியும் அவித்த கடலையும் இருக்கட்டும். கடைக்குப் போனால் கெட்டிப்பால் கலந்த தே தாரிக் வேண்டாம், பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் சொல்லட்டும். கெட்டிப்பால் டின் வீட்டுக்கே வர வேண்டாம், அம்மாவுக்கும் சேர்த்துத்தான்!

ஒன்று மட்டும் அவசரம். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, அரைமயக்கம் என்று எது தென்பட்டாலும் கிளினிக் திறக்கும்வரை பார்த்திருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மாத்திரைப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.