கோடியக்கரையில் ஒரு நாள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பொங்கலுக்கு முந்தின வாரம் பிள்ளைகளோடு கோடியக்கரை போகிறோம், ஒரே ஒரு நாள்தான். போன தடவை வெளிமான் நிறையப் பார்த்தோம், பூநாரை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எங்கே தேட வேண்டும்?
(வாசகி, மன்னார்குடி)

பதில்: மான் மேய்கிற புல்வெளியோடு திரும்பி வந்திருப்பீர்கள். பூநாரைக்குச் சதுப்புப் பக்கமும் உப்பளப் பக்கமும் போக வேண்டும். முதல்நாள் இரவே வேதாரண்யத்தில் தங்கி, விடிந்ததும் வனச்சரக அலுவலகத்தில் அனுமதி வாங்கும்போது "இப்போ தண்ணி எங்கே நிக்குது?" என்று கேளுங்கள், ஏனென்றால் எந்தப் பறவை எங்கே இறங்கும் என்பதைத் தண்ணீரின் ஆழம்தான் முடிவு செய்கிறது. நீண்ட காலுள்ள பூநாரை ஆழத்தில் நின்று, அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு அரித்துத் தின்னும். கொசு உள்ளான் என்ற குட்டிச் சேற்றுப் பறவைக்கோ விரற்கடைத் தண்ணீர் போதும், அது ஓரத்துச் சேற்றிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை அடித்துப் பெய்து சதுப்பு நிரம்பிக் கிடந்தால் சின்னப் பறவைகளுக்கு நிற்க இடம் இருக்காது, தை பிறந்து தண்ணீர் வற்ற வற்றச் சேறு வெளியே வரும், அவையும் வரும். காலையில் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும்.

கேள்வி: உள்ளான் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?
(வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: குளிர்காலத்தில் நிறத்தை நம்பாதீர்கள். மூக்கு, கால், நடை, இந்த மூன்றையும் பாருங்கள். உள்ளானோடு சேர்ந்து மேயும் உப்புக்கொத்தி என்ற பறவைக்கு மூக்கு குட்டை. நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். உள்ளான் குனிந்த தலை நிமிராமல் குத்திக்கொண்டே போகும். இளஞ்சிவப்பில் ரொம்ப நீளமான கால் என்றால் அது நெடுங்கால் உள்ளான். முதல் நாளுக்கு இது போதும்.

கேள்வி: பறவைக் கூட்டம் மொத்தமாக எழும்புகிற படம் வேண்டும் என்று என் நண்பர்கள் கை தட்டுகிறார்கள். தப்பா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தப்புதான். அந்தக் கொசு உள்ளான் முப்பது கிராம்கூட இருக்காது, அது குஞ்சு பொரிப்பது வடதுருவத்தை ஒட்டிய ரஷ்யத் தரிசில், அங்கிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து நம் சேற்றுக்கு வந்து, பங்குனி வாக்கில் திரும்பிப் போவதற்கான கொழுப்பை இங்கேதான் தின்று சேர்க்கிறது. ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் அதில் கொஞ்சம் வீணாகிறது. 2002-லேயே இந்த இடம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டது, ஆனாலும் உங்கள் நண்பர்களின் கையைப் பிடித்து நிறுத்த அந்த நேரத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். பூநாரை தலையை உயர்த்தி உங்களைப் பார்த்துவிட்டு மெல்ல எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தால் ரொம்பக் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம், அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். அரை மணி நேரம் ஆடாமல் இருந்தால் பல சமயம் அவையே மேய்ந்துகொண்டு உங்கள் பக்கம் வரும். அப்போது எடுங்கள் படத்தை.