சட்டைப்பையில் அடங்கும் பிஸ்டல் உயிரைக் காக்குமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கைத்துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கிறவன் என்பதால் துப்பாக்கி பற்றிய எல்லாச் சந்தேகமும் என்னிடம் வரும். அதில் பாதிக்கு மேல் உள்ளங்கைக்குள் மறைந்துவிடும் குட்டிப் பிஸ்டல்களைப் பற்றித்தான். உரிமம், வெளியே எடுத்துப்போகும் அனுமதி எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அதை உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்தவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். சட்டம் இடம் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டு கீழே பேசுகிறேன்.

கேள்வி: .22 (0.22 அங்குலக் குண்டு சுடும் சின்னத் துப்பாக்கி) வெறும் பொம்மை என்கிறார் ஒரு நண்பர். அதுவும் ஆளைக் கொல்லும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

கொல்லும் என்பது உண்மை. ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது அதுவல்ல. கத்தியோடு பாய்ந்து வருகிறவன் நாளைக்கு மருத்துவமனையில் சாவதால் உங்களுக்கு என்ன பயன்? அடுத்த இரண்டு மூன்று நொடிக்குள் அவன் நிற்க வேண்டும். கொல்வது வேறு, நிறுத்துவது வேறு. சின்ன காலிபர் (குண்டின் விட்டம்) பற்றிய குழப்பம் எல்லாமே இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவதுதான்.

1981 மார்ச் 30 அன்று அமெரிக்க அதிபர் ரீகனைச் சுட்டது ஒரு .22 ரிவால்வர் (சுழலும் உருளையில் தோட்டா வைக்கும் துப்பாக்கி). இரண்டே நொடிக்குள் ஆறு குண்டுகள். அதில் ஒன்று காரில் பட்டுத் தெறித்து ரீகனின் நுரையீரலுக்குள் போய், இதயத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி நின்றது. காருக்குள் தள்ளிவிட்டதில் விலா எலும்பு உடைந்துவிட்டது என்றுதான் அவர் முதலில் நினைத்தார். மருத்துவமனைக்குள் தன் காலால் நடந்தே போனார், பிறகுதான் சரிந்தார். உடம்பில் இருந்த ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியேறியிருந்தது. அதே துப்பாக்கியின் இன்னொரு குண்டு தலையில் பட்ட பத்திரிகைச் செயலர் பிரேடி அந்த இடத்திலேயே விழுந்தார். வாழ்நாள் முழுக்க ஊனத்தோடு இருந்தார். ஒரே துப்பாக்கி, ஒரே வகைத் தோட்டா. பட்ட இடம்தான் முக்கிய வித்தியாசம்.

அதனால் .22-ஐப் பொம்மை என்று யாராவது சொன்னால் கோபம் வருகிறது. அதையே நம்பி நிம்மதியாக இருக்கிறேன் என்று யாராவது சொன்னால் கவலை வருகிறது.

கேள்வி: .22, .25, .32, .380 என்று கடையில் அடுக்குகிறார்கள். பெரிய வித்தியாசம் உண்டா?

உண்டு. குழல் வாயிலிருந்து வெளிவரும்போது குண்டுக்கு இருக்கும் ஆற்றலைத் தோராயமாகச் சொல்கிறேன். .25-க்குச் சுமார் 90 ஜூல், .32-க்கு 170, .380-க்கு 270. காவல்துறைகள் பரவலாக வைத்திருக்கும் 9 மி.மீ.க்கு 480-க்கு மேல். .22-ஐ நீளமான ரைஃபிள் குழலில் சுட்டால் நன்றாகவே வேகம் எடுக்கும். இரண்டு அங்குலக் குழலில் அந்த வேகத்தில் பெரும்பகுதி போய்விடும், கிட்டத்தட்ட .25 அளவுக்கு இறங்கிவிடும்.

அப்படியானால் .25 எதற்கு? பிரைமரில், அதாவது ஊசி அடித்ததும் தீப்பற்றும் பகுதியில்தான் விஷயம். .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிவிளிம்பு முழுக்கப் பரவியிருக்கும். ஏதாவது ஓர் இடத்தில் மருந்து குறைவாக இருந்து, ஊசி அங்கேயே அடித்தால் 'டிக்' என்ற சத்தம்தான் வரும். நல்ல கம்பெனித் தோட்டாவிலும் இது நடக்கும். ஒரு பயிற்சி நாள் முழுக்க .22 சுட்டால் இப்படி ஒன்றாவது அகப்படாமல் போவது அபூர்வம். .25, .32, .380 மூன்றிலும் பிரைமர் நடுவில் தனியாக இருக்கும், அதனால் நம்பகம் கூடுதல். 1905-இல் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங்கின் குட்டிப் பிஸ்டலோடு .25 வந்தது. சட்டைப்பைத் துப்பாக்கிக்குத் தோட்டா தவறாமல் வெடிப்பதுதான் முக்கியம் என்று அந்த மனிதருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

என் கருத்து: கை தாங்கினால் .380. தாங்காவிட்டால் .32. மற்ற இரண்டும் உடல்நிலை வேறு வழி விடாதவர்களுக்கு.

கேள்வி: சின்ன காலிபர் என்பதால், உடம்புக்குள் விரியும் ஹாலோ பாயின்ட் போட்டால் ஈடுகட்டலாமா?

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். குண்டு விரிந்தால் ஆழம் குறையும். 1986-இல் மயாமியில் எஃப்.பி.ஐ. (அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை) ஆட்களுக்கும் இரண்டு கொள்ளையர்களுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில், ஒரு 9 மி.மீ. ஹாலோ பாயின்ட் குண்டு கொள்ளையனின் கை வழியாக நெஞ்சுக்குள் போய் இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். எஃப்.பி.ஐ. ஆட்கள் இருவர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டியில் குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும் என்ற அளவுகோலை எஃப்.பி.ஐ. வைத்தது. 9 மி.மீ.க்கே அந்தக் கதி என்றால் .25, .32 பிஸ்டல்களில் விரிவதற்கும் ஆழம் போவதற்கும் சேர்த்து ஆற்றல் எங்கே இருக்கிறது? இந்த இரண்டிலும் விரியாத, சாதாரண முழு உலோக உறைக் குண்டே மேல். .380-இல் நல்ல ஹாலோ பாயின்ட் உண்டு, ஆனால் உங்கள் பிஸ்டலின் குட்டைக் குழலில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பொறுத்தது.

.32 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தோட்டாவின் அடியில் மெல்லிய விளிம்பு உண்டு. நீளம் குறைந்த ஹாலோ பாயின்ட் தோட்டாக்கள் மேகஸினுக்குள் (தோட்டா அடுக்கிச் செருகும் கூடு) முன்னும் பின்னும் நகர்ந்து, ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் அந்த மேகஸின் அந்த நேரத்துக்கு உதவாது.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, விரல்களில் மூட்டுவாதம். குட்டிப் பிஸ்டல் என்றால் எளிதாக இருக்கும் என்று வாங்கினோம். ஸ்லைடை (தோட்டாவை ஏற்றப் பின்னால் இழுக்கும் மேல்பாகம்) இழுக்கவே முடியவில்லை.

சின்னது என்றால் எளிது என்ற எண்ணத்தைக் கடைக்காரர்களே வளர்த்துவிட்டார்கள். பல குட்டிப் பிஸ்டல்களில் சுடும் நொடியில் ஸ்லைடைப் பிடித்து வைப்பது அதன் எடையும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் மட்டும்தான். ஸ்லைடு இலேசு என்பதால் ஸ்பிரிங் கடினமாக இருக்கிறது. பிடிக்கவோ இரண்டு விரல் அகலம்கூட இல்லை. பெரிய பிஸ்டலைவிட இதுதான் சிரமம்.

முதலில் முறையை மாற்றிப் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகக் கிள்ளி இழுக்க வேண்டாம். துப்பாக்கியை நெஞ்சுக்கு அருகே கொண்டுவந்து, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, ட்ரிகரில் விரல் இல்லாமல், இடது உள்ளங்கையை ஸ்லைடின் மேல் கவிழ்த்து நான்கு விரலாலும் பற்றச் சொல்லுங்கள். பிறகு ஸ்லைடை இழுப்பதற்குப் பதிலாக, வலது கையால் கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். இழுக்கும் வலு இல்லாத பலருக்குத் தள்ளும் வலு இருக்கும். என்னிடம் வந்த ஒரு பாட்டி அரை மணி நேரம் போராடி, இந்த முறையில் முதல் தடவை ஸ்லைடு பின்னால் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்படியும் முடியவில்லை என்றால் பெரெட்டா 21ஏ மாதிரியான பிஸ்டல்கள் இருக்கின்றன. ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தினால் குழலின் பின்பக்கம் மேலே எழும்பும்; ஒரு தோட்டாவை நேராக உள்ளே வைத்து மூடிவிடலாம், ஸ்லைடைத் தொடவே வேண்டாம். ஒரு குறை: அதில் தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கி கிடையாது. வெடிக்காத தோட்டா குழலின் பின்பக்கத் தோட்டா அறைக்குள் நின்றுவிட்டால் குழலைத் திறந்து விரலால் எடுக்க வேண்டும். இதனால் அதில் .22-ஐவிட .25 எனக்குப் பிடிக்கும்.

சட்டைப்பையில் அடங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், 2018-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு ஈஸி .380-ஐ அம்மாவின் கையில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். ஸ்லைடு எளிதாக வர வேண்டும் என்றே செய்தது. வாங்குவதற்கு முன் அம்மாவே இழுத்துப் பார்க்க வேண்டும், நீங்கள் இழுத்துப் பார்ப்பதில் பயனில்லை.

கேள்வி: தாத்தா காலத்து .25 பிஸ்டல் நன்றாகவே சுடுகிறது. பையில் வைத்துக்கொள்ளலாமா?

தோட்டா அறையை நிரப்பி வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் காலக் குட்டிப் பிஸ்டல்கள் பலவற்றில் ஊசி எந்நேரமும் பின்னால் இழுபட்டு ஸ்பிரிங்கின் அழுத்தத்திலேயே நிற்கும். கீழே விழுந்தால் அதைத் தடுத்து நிறுத்த உள்ளே தனிப் பூட்டு இருக்காது. நூறு வருடத் தேய்மானத்தை நம்பி அதைத் தொடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். நினைவுப் பொருளாகப் பூட்டி வையுங்கள்.

கேள்வி: ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) போட்டால் பை புடைக்கிறது. அப்படியே பையில் போட்டுக்கொண்டால் என்ன?

வேண்டவே வேண்டாம். ட்ரிகரை மூடாத எந்தத் துப்பாக்கியும் பையில் இருக்கக் கூடாது. சாவிக்கொத்தின் ஒரு பல் ட்ரிகர் வளையத்துக்குள் போனால் போதும். கைப்பையும் அப்படித்தான், அதில் பேனா, சீப்பு, சாவி எல்லாம் புரண்டுகொண்டிருக்கும். பைக்கென்றே செய்த ஹோல்ஸ்டர் ட்ரிகரை மூடும், கைப்பிடியை மேல்நோக்கி நிறுத்தும், உருவத்தையும் மறைக்கும். அந்தப் பையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது, ஒரு கைக்குட்டைகூட. துப்பாக்கியைத் திரும்ப வைக்கும்போது ஹோல்ஸ்டரை வெளியே எடுத்து, அதில் துப்பாக்கியைச் செருகி, இரண்டையும் சேர்த்துப் பைக்குள் இறக்குங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒருவர் தன் .380 திடீரென்று மக்கர் செய்கிறது என்று கொண்டுவந்தார். மேகஸினைக் கழற்றி, அறை காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, ஸ்லைடைக் கழற்றினேன். உள்ளே சாம்பல் நிறப் பஞ்சு. துணித் தூசி எண்ணெயோடு சேர்ந்து ஊசி வரும் துளையைச் சுற்றி மெழுகு மாதிரி அப்பியிருந்தது. எட்டு மாதமாகத் தினமும் பையில் இருந்திருக்கிறது, ஒரு தடவைகூடத் துடைக்கவில்லை. பையில் வைப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது பிரித்துத் துடைக்க வேண்டும், எண்ணெயும் கொஞ்சமாகத்தான் விட வேண்டும்.

கேள்வி: குட்டி ரிவால்வரா, பிஸ்டலா?

பைக்கு ரிவால்வருக்கே என் ஓட்டு, அதுவும் ஹேமர் (சுடும்போது அடிக்கும் சுத்தி) வெளியே தெரியாத வகை. தோட்டா வெடிக்கவில்லையா, மறுபடி ட்ரிகரை இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். கட்டிப் புரளும் நெருக்கத்தில் பிஸ்டலின் குழல் எதிரி உடம்பில் அழுந்தினால் ஸ்லைடு சற்றே பின்னால் போகும், அப்போது பல பிஸ்டல்கள் சுடாது. ரிவால்வருக்கு அந்தச் சிக்கல் இல்லை. குறையும் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் ஐந்தே தோட்டா, சிலிண்டர் (தோட்டா உருளை) தடிமன், ட்ரிகர் கடினம். விரலில் வலு இல்லாதவர்களுக்கு இது சரிவராது.

கேள்வி: பயமுறுத்த வானத்தைப் பார்த்து ஒன்று சுடலாமா?

கூடாது. மேலே போன குண்டு எங்கோ ஒருவர் மேல் இறங்கும். உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்திருந்தால் வானத்தில் சுட நேரம் இருக்காது. வரவில்லை என்றால் துப்பாக்கி வெளியே வந்ததே தப்பு.

கேள்வி: எவ்வளவு பயிற்சி போதும்?

புதிதாக வாங்கியதும் ஓர் 200 தோட்டாவாவது சுட்டுப் பார்க்காமல் அதை நம்ப வேண்டாம். அதில் ஐம்பது, நீங்கள் தினமும் போட்டு வைக்கப்போகும் அதே தோட்டாவாக இருக்கட்டும். 200, 300 கிராம் எடையுள்ள பிஸ்டலில் .380 சுட்டால் உள்ளங்கையில் பிரம்படி பட்ட மாதிரி இருக்கும். அதனாலேயே வாங்கியவர்களில் பலர் இரண்டாவது பெட்டியைத் திறப்பதே இல்லை. அந்தச் சோதனைக்குப் பிறகு, ஒரே நாளில் நூறு சுட்டு வெறுத்துப் போவதைவிட, மாதம் ஒரு தடவை இருபது சுடுவது மேல். தூரம் மூன்று முதல் ஏழு மீட்டர். தட்டு அளவில் காகிதம் ஒன்றைக் குறியாக வைத்து, ஐந்து குண்டும் அதற்குள் விழும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். பையிலிருந்து எடுத்துப் பழகும்போது தோட்டா அறையும் மேகஸினும் காலியாக இருக்க வேண்டும், தோட்டாப் பெட்டி வீட்டின் வேறு அறையில் இருக்க வேண்டும்.

கேள்வி: நீங்கள் எதை வைத்திருக்கிறீர்கள்?

முடிந்தவரை 9 மி.மீ. 2018-இல் சிக் பி365 வந்த பிறகு, அரைக் கிலோ எடையில் பத்துத் தோட்டா கொள்ளும் 9 மி.மீ. பிஸ்டல் இடுப்பில் தெரியாமல் இருக்கிறது. குட்டி .380-க்கான தேவை அதனால் நிறையவே குறைந்துவிட்டது. மெல்லிய உடை, உட்கார்ந்தே இருக்கும் நாள், இடுப்பில் எதுவும் கட்ட முடியாத இடம் என்றால், ரிவால்வரின் தடிமன் வெளியே தெரியும் என்பதால் .380 பைக்குப் போகும். வீட்டில் பூட்டி வைத்த பெரிய துப்பாக்கியைவிடப் பையில் இருக்கும் சின்னது பயன்படும் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என்னால் ஒரு மனிதனைச் சுட முடியாது. ஆனால் காட்டினாலே ஓடிவிடுவான் அல்லவா? அதற்கு .22 போதுமே?

வாங்காதீர்கள். ஓடாமல் அருகே வருகிறவன் கைக்கு அந்தத் துப்பாக்கி போய்விடும். உங்களால் முடியாது என்று உங்களுக்கே தெரிந்திருப்பது நல்லது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சட்டம் அனுமதித்தால் மிளகு ஸ்ப்ரே ஒன்று வாங்குங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அடிக்கவும், அடித்ததும் நிற்காமல் ஓடவும் பழகிக்கொள்ளுங்கள். எங்கே கற்றுக்கொள்வது என்று தெரியவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள்.