ஒரு பென்னி கூடியது

அன்புள்ள ஐயா,

லண்டன் ‘டெய்லி மிரர்’ 1942-ல் வெளியிட்ட ஒரு கார்ட்டூன் வாட்ஸப்பில் வந்தது. நடுக்கடலில் கட்டைமேல் கவிழ்ந்து கிடக்கும் ஒரு மாலுமி. கீழே ‘பெட்ரோல் விலை ஒரு பென்னி உயர்த்தப்பட்டுள்ளது – அரசு அறிவிப்பு’ என்று ஒரு வரி. இதற்காகச் சர்ச்சில் அரசு பத்திரிகையையே மூடப் பார்த்ததாம். போர்க்காலத்தில் தலைமையைக் கிண்டல் செய்வது தேசத்துரோகம்தானே? எல்லைக்கோடு என்று ஒன்று வேண்டாமா? மேலும், எனக்கு இதில் சிரிப்பே வரவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்,

சிரிப்பு வரவில்லை என்றால் நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்கள். எல்லைக்கோடு பற்றி மாதம் ஒருவர் எழுதுகிறார், அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் ஊரில் பழைய வீட்டைப் பிரித்தோம். பரணில் ஒரு இரும்புக் கைப்பிடி கிடைத்தது. என் தாத்தா அந்தப் போர்க்காலத்தில் கரி பஸ்ஸில் கிளீனர். பெட்ரோல் கிடைக்காது. பஸ்ஸின் பின்னால் ஒரு பீப்பாயைக் கட்டி, அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். விடிவதற்கு முன்பே எழுந்து, இந்தக் கைப்பிடியால் காற்றாடியைச் சுற்றிச் சுற்றித் தீ பிடிக்க வைப்பது தாத்தாவின் வேலை. மேடு வந்தால் சனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். “பெட்ரோல் எங்க தாத்தா போச்சு?” என்று கேட்டால், “வெள்ளக்காரன் சண்டைக்குப் போச்சு” என்பார். அவருக்கு அவ்வளவுதான் தெரியும். அது கப்பலில் போன வழியில் எத்தனை பேர் மூழ்கினார்கள் என்று அவரிடம் யார் சொன்னார்கள்? அந்தக் கப்பல்களில் நம் நாட்டுக் கப்பல் தொழிலாளர்களான லஸ்கர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

அந்த மாலுமியை வரைந்தவர் பிலிப் ஜெக், லண்டன் யூதத் தையல்காரர் ஒருவரின் மகன். பெட்ரோலை வீணாக்காதே, அதைக் கொண்டுவர மனிதர்கள் சாகிறார்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. அவர் முதலில் எழுதிய வரி ‘பெட்ரோல் இப்போது விலை கூடிவிட்டது’. அது போதாது என்றார் அவருடைய நண்பர் வில்லியம் கானர், ‘கசாண்ட்ரா’ என்ற பெயரில் அதே பத்திரிகையில் பத்தி எழுதியவர். இருவரும் முன்பு ஒரே விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். எந்தச் சொல் எங்கே தைக்கும் என்பது அவர்கள் தொழில். பென்னியைச் சேர்க்கச் சொன்னார் கானர். கடைசியில் ‘அரசு அறிவிப்பு’.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. ‘விலை கூடிவிட்டது’ என்றால், உயிரே விலை என்று வாசகன் எடுத்துக்கொள்வான். ‘ஒரு பென்னி, அரசு அறிவிப்பு’ என்றதும் அந்தக் கட்டைக்குப் பக்கத்தில் ஒரு மேசை வந்துவிடுகிறது, மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி, அவர் கையில் ரப்பர் ஸ்டாம்பு. கார்ட்டூனில் பாதி கோடு, பாதி வரி என்று நான் முப்பது வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். இப்போதைய பிள்ளைகள் படத்தில் இருக்கிற ஆளின் வயிற்றில் ‘ஊழல்’ என்று எழுதிவிட்டு அதைக் கார்ட்டூன் என்கிறார்கள். அது சாமான் டப்பாவில் ‘துவரம்பருப்பு’ என்று ஒட்டுகிற வேலை.

சரி, தலைமையைக் கிண்டல் செய்தார் என்கிறீர்களே, அந்தப் படத்தில் தலைமை எங்கே இருக்கிறது? சர்ச்சில் இல்லை, சுருட்டு இல்லை, எந்த அமைச்சரும் இல்லை. கடலும் ஓர் ஆளும்தான். எண்ணெய்க் கம்பெனி லாபத்துக்காக மாலுமி சாகிறான் என்று அரசில் இருந்தவர்கள் தாங்களாகவே படித்துக்கொண்டார்கள். பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்து மாதம்கூட ஆகவில்லை. எரிகிற புண் அது. உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் பத்திரிகைக்காரர்களை நேரில் கூப்பிட்டு, பத்திரிகையை மூடவைக்கும் போர்க்காலப் பாதுகாப்பு விதியைக் காட்டி மிரட்டினார். வெற்று மிரட்டல் என்று நினைக்காதீர்கள். கம்யூனிஸ்டுகளின் ‘டெய்லி ஒர்க்கர்’ 1941 ஜனவரியிலேயே அதே பாதுகாப்பு விதிப்படி மூடப்பட்டிருந்தது. இத்தனைக்கும் இந்த மாரிசன் முதல் உலகப் போரில் சண்டைக்குப் போக மறுத்தவர்!

நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. பத்திரிகை தப்பியது.

தலைவரை வரைந்த படம்தான் வேண்டுமென்றால் இன்னொரு லண்டன் கார்ட்டூனிஸ்ட் டேவிட் லோ இருக்கிறார். 1940 மே மாதம், சர்ச்சில் பதவியேற்ற சில நாட்களில், சட்டைக் கையை மடித்துக்கொண்டு எல்லாரும் அவரோடு நடந்து வருகிற மாதிரி வரைந்தார். முன்வரிசையில் மாரிசனும் உண்டு. அந்தக் கார்ட்டூனுக்கு யாரும் எல்லைக்கோடு கேட்கவில்லை.

ஜெக் துரோகியா என்று கேட்டீர்கள். 1945 மே 8, ஐரோப்பாவில் போர் முடிந்த நாள். காயம்பட்ட ஒரு சிப்பாய் வெற்றியையும் அமைதியையும் நம் கையில் நீட்டுவதுபோல ஜெக் வரைந்தார். ‘இந்தாருங்கள், மறுபடி தொலைத்துவிடாதீர்கள்’ என்று கீழே ஒரு வரி. ஜூலை 5, தேர்தல் நாளில் ‘மிரர்’ அதையே முதல் பக்கத்தில் மறுபடி போட்டது. சர்ச்சில் தோற்றார். தொழிற்கட்சி ஜெயித்தது. அது, சர்ச்சிலின் போர்க்காலக் கூட்டணி அரசில் அமைச்சராக இருந்த மாரிசனின் கட்சி.

கைப்பிடியைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள், நான் கொடுக்கவில்லை. நீங்கள் அடுத்த கடிதத்தில் ‘தேசத்துரோகம்’ என்று எழுதும் முன், கைபேசியை வைத்துவிட்டு, அந்த மாலுமியின் படத்தைக் கணினியில் பெரிதாக்கி அவன் கையைப் பாருங்கள் தம்பி. அப்புறம் எழுதுங்கள்.