ரெண்டு சுழியா, மூணு சுழியா?

வணக்கம் மேடம். எனக்கு 34 வயது. நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. எல்.ஆர். (லாரி சரக்கு ரசீது) போடுவது, லெட்ஜர் எழுதுவது, இதுதான் காலையிலிருந்து சாயங்காலம் வரை. சின்ன வயதிலிருந்தே எனக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். ரெண்டு சுழியா மூணு சுழியா என்று இன்றைக்கும் யோசித்துத்தான் எழுதுகிறேன். பள்ளியில் ‘மக்கு’ என்றே கூப்பிட்டார்கள். மனப்பாடம் செய்தே பிளஸ் டூ தேறினேன்.

மூன்று மணிக்கு மேல் மண்டை கனத்துவிடுகிறது. போன மாதம் பரமக்குடி சரக்குக்குப் பரமத்தி என்று எழுதிவிட்டேன். முதலாளி எல்லார் முன்னாலும் திட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் மூன்று தடவை பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் பேசக்கூடத் தெம்பில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் நேற்று கதைப் புத்தகத்தை நீட்டினாள். பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே, என்ன களைப்பு என்கிறார் கணவர். என்ன பதில் சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை.

– பெயர் வேண்டாம்

அன்புச் சகோதரிக்கு,

உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். ஆனால் பக்கத்து மேஜைக்காரர் ‘பரமக்குடி’யை, தெரிந்த முகத்தைப் பார்ப்பதுபோல் ஒரே பார்வையில் கண்டுகொள்கிறார். நீங்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறீர்கள். கடைசி எழுத்துக்கு வரும்வரை முதல் எழுத்தை மனதில் பிடித்துவைக்க வேண்டும். நாள் முழுக்க இதைச் செய்தால் களைக்காமல் என்ன செய்யும்?

நீங்கள் சொல்வது டிஸ்லெக்சியாவாக, அதாவது வாசிப்பதையும் எழுதுவதையும் சிரமமாக்கும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். கடிதத்தை வைத்து முடிவாகச் சொல்ல முடியாது, மருத்துவ உளவியலாளர் நேரில் சோதிக்க வேண்டும். புத்திக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் உண்டு. உளவியலாளரிடம் போவதற்கு முன்னால் ஹீமோகுளோபின், தைராய்டு, கண் மூன்றையும் பார்த்துவிடுங்கள். ரத்தசோகையைச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெண்களை நிறையவே பார்க்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. யாருக்கும் தெரியாமல் இத்தனை வருடம் சமாளித்திருக்கிறீர்களே, மறைப்பதும் ஒரு வேலைதான், அதற்குச் சம்பளம் கிடையாது. ஆபீஸில் நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். ஊர்ப் பெயரை அவர் வாய்விட்டுப் படிக்க, நீங்கள் காதால் சரிபார்க்கலாம். களைத்த கண்ணால் மூன்றாம் தடவை பார்ப்பதைவிட இது பிழையைச் சீக்கிரம் பிடிக்கும். குழப்பும் ஊர்ப் பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதி மேஜையில் ஒட்டுங்கள். லெட்ஜரைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதுகிறவர்களிடம் குரலில் அனுப்பச் சொல்லலாம், பதிலையும் போனில் பேசியே எழுத வைக்கலாம். மண்டை கனக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டரை மணிக்கே ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள், போன் இல்லாமல்.

கணவருக்கு இந்தப் பதிலை நீங்கள் படித்துக்காட்ட வேண்டாம். அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் மகள். வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் எந்த எழுத்தையும் பார்க்காதீர்கள். பிறகு அலமாரி மேலிருக்கும் புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்து, “அம்மாவுக்கும் எழுத்து மெதுவாத்தான் வரும், நீ படி, நான் கேக்கறேன்” என்று சொல்லுங்கள். அவளும் திணறினால் அதட்டாமல் வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள். இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது, சீக்கிரம் கவனித்தால் பயிற்சி நன்றாகவே உதவும்.