கழிவுநீர்த் தொட்டியின் நாற்றம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐயா, எங்கள் குடியிருப்பின் கழிவுநீரைக் காற்றுப் புகாத தொட்டியில் விட்டுச் சுத்திகரிக்கிறோம். சிறுவாணித் தண்ணீர் வரும்வரை தொந்தரவு இல்லை. கோடையில் போர்வெல் தண்ணீருக்கு மாறியதும் அழுகிய முட்டை நாற்றம் தெருவரை வீசுகிறது. பிளீச்சிங் பவுடர் கொட்டியும் பயனில்லை. கழிப்பறை ஆசிட்டை ஊற்றினால் அடங்கும் என்கிறார் பராமரிப்பாளர். ஊற்றலாமா?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், வடவள்ளி

பதில்: ஆசிட்டை ஒருபோதும் ஊற்றாதீர்கள், அது ஆளைக் கொல்லும். உங்களை வாட்டுவது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு (அமிலம் கூடினால் இது இறங்கும்) 7 ஆக இருக்கையில் கரைந்துள்ள சல்பைடில் ஏறத்தாழ பாதிதான் வெளியேறக்கூடிய வாயு வடிவில் இருக்கும். 8 ஆனால் பத்தில் ஒரு பங்காகக் குறையும். 6-க்கு இறங்கினால் பத்தில் ஒன்பது பங்காகிவிடும். ஆசிட் ஊற்றுவது அந்த வாயுவை ஒரே நேரத்தில் கிளப்பிவிடும் செயல். பிளீச்சிங் பவுடரோ கழிவைச் செரிக்கும் நுண்ணுயிரிகளையும் சேர்த்து அழித்துவிடுகிறது.

போர்வெல் தண்ணீருக்கு மாறியதும் நாற்றம் கூடுகிறது என்று நீங்களே கவனித்திருப்பதில்தான் பாதி விடை இருக்கிறது. சிறுவாணி நீரில் உப்புகள் மிகக் குறைவு. நம் பகுதியின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் சல்பேட் உள்ளிட்ட உப்புகள் மிகுதி. காற்றில்லாத இடத்தில் வாழும் ஒருவகை பாக்டீரியா இந்த சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகிறது. கோடை வெப்பம் அந்த வேலையை விரைவுபடுத்துகிறது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் சல்பேட் உள்ள 1,000 லிட்டர் நீரிலிருந்து ஏறக்குறைய 35 கிராம் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகலாம். ஆகவே முதலில் போர்வெல் நீரை ஆய்வகத்தில் கொடுத்து சல்பேட் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். இயன்றவரை இரண்டு நீரையும் கலந்து பயன்படுத்துங்கள்.

உருவான சல்பைடை நீரிலேயே பிடித்து வைக்க இரும்பு உப்பே நம்பகமான வழி. பெரிக் குளோரைடு சேர்த்தால் சல்பைடு கறுப்பு இரும்பு சல்பைடாகிக் கசடில் படிந்துவிடும். கணக்குப்படி ஒரு கிராம் சல்பைடுக்கு 1.75 கிராம் இரும்பு போதும். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். பெரிக் குளோரைடும் அமிலத்தன்மை உடையது என்பதால், பம்ப் வைத்துச் சிறுகச் சிறுக, பிஹெச் பார்த்துக்கொண்டே செலுத்த வேண்டும். சுண்ணாம்பை அளவின்றிக் கொட்டி பிஹெச்சை ஏற்றுவதும் ஆகாது. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் அதைத் தாங்கா.

அடுத்து, தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் உயரத்திலிருந்து சிதறி விழுகிறதா என்று பாருங்கள். விழுமிடத்தில்தான் வாயு பெருமளவு பிரிகிறது. குழாயை நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கினாலே அங்கு நாற்றம் கணிசமாகத் தணியும். எஞ்சும் காற்றைச் சிறு மின்விசிறியால் இழுத்து, பொள்ளாச்சிப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் தென்னை நாரும் மக்கிய உரமும் கலந்த ஈரப் படுக்கையின் வழியே செலுத்தினால், அதில் வளரும் நுண்ணுயிரிகள் வாயுவைத் தின்றுவிடும். படுக்கை காய்ந்தால் பயனில்லை.

நாற்றம் திடீரென்று நின்றுவிட்டது என்று யாரும் மூடியைத் திறந்து இறங்க வேண்டாம். காற்றில் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவை எட்டினால் இந்த வாயு மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். அதைப் போல ஏழெட்டு மடங்கானால் சில மூச்சுகளிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். பாதுகாப்பின்றி ஒருவரைத் தொட்டிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

கேள்வி: தொட்டியில் சேரும் பயோகேஸை அடுப்புக்கு எடுத்தால் பர்னர் அரித்துப் போகிறது. என்ன செய்யலாம்?
– விடுதி நடத்துபவர், பெருந்துறை

பதில்: அரிப்புக்குக் காரணமும் மேலே சொன்ன ஹைட்ரஜன் சல்பைடு வாயுதான். கோவை லேத் பட்டறைகளில் கிடைக்கும் இரும்புச் சுருளை எண்ணெய் போகக் கழுவி, நன்றாகத் துருப்பிடிக்க விட்டு, டிரம்மில் நிரப்பி, அதன் வழியே கேஸை அனுப்புங்கள். துரு சல்பைடைப் பற்றிக்கொள்ளும். சுருள் கறுத்துவிட்டால் மாற்ற வேண்டும். கறுத்த சுருள் காற்றுப் பட்டதும் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், அடுப்பை அணைத்து வால்வை மூடிய பின், தண்ணீர் ஊற்றி நனைத்தே வெளியே எடுங்கள்.